எண்ணும் கையும்

சில்க்ஸ்கிரீன் அச்சு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மை மட்டமாகப் படிந்திருக்கும். அதன்மேல் தூரிகையோ ஸ்பிரேயோ பட்ட இடம் மட்டும் தனியாகத் தெரியும். ஓரத்தில் சிறு துளிகள் தெறித்துக் கிடக்கும். கையால் முடித்த அச்சுப் படங்களைச் சேர்ப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பது அந்தத் துளிகளுக்காகத்தான்.

கொடுப்பதில் நியாயமும் இருக்கிறது. தெருச் சுவர் ஓவியர் பாங்க்ஸி விற்பனைக்கு வெளியிட்ட முதல் அச்சு, 2002-இல் வந்த ‘ரூட் காப்பர்’. நடுவிரலைக் காட்டும் பிரிட்டிஷ் போலீஸ்காரர் படம். மொத்தம் 250 படிகள். 50-இல் மட்டுமே கையொப்பம். சில படிகளின் பின்னணியில் கையால் ஸ்பிரே அடித்திருக்கிறது. தெருச் சுவரில் வளர்ந்த கலை தாளுக்கு வந்ததும் தொலைத்துவிட்ட அவசரத்தையும் அழுக்கையும் அந்த ஸ்பிரே மீட்டுத் தருகிறது. அங்கே கைவேலை படத்தின் பொருளோடு சேர்ந்துவிட்டது. கான்வாஸ் வாங்க வசதியில்லாத ஒருவருக்கு, வேறு எந்தப் படியிலும் இல்லாத ஒரு தடம் கிடைக்கிறது. இந்த வழக்கத்தின் உயிர் இதுதான் என்பேன்.

ஆனால் ‘கையால் முடித்தது’ என்பதற்கு அளவுகோல் கிடையாது. படத்தையே மாற்றிய தீட்டலும், மூலையில் தூவிய மினுக்குத் தூளும் ஒரே பெயரில் விலை போகின்றன. நூறு படிகளிலும் ஒரே இடத்தில் ஒரே தங்கப் பூச்சு என்றால், அதையும் அச்சு வேலை என்றுதான் சொல்ல வேண்டும். தொட்ட கை ஓவியருடையதா, உதவியாளருடையதா என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

எத்தனை படிகள் என்று சொல்லும் எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. பாங்க்ஸியின் ‘கேர்ள் வித் பலூன்’ அச்சில் கையொப்பமிட்டவை 150, இடாதவை 600. இவற்றுக்கு வெளியே வேறு நிறங்களில் 88 ‘ஆர்ட்டிஸ்ட் புரூஃப்’ படிகள், அதாவது கலைஞருக்கென ஒதுக்கியவை, உண்டு. ஆக 750 என்று நினைத்தது 838 ஆகிறது. ஓவியர் டேமியன் ஹெர்ஸ்ட் 2021-இல் ‘தி வர்ச்யூஸ்’ என்ற எட்டுச் செர்ரிப் பூப் படங்களை படிகளின் எண்ணிக்கையை முன்கூட்டி வரையறுக்காமல் சில நாள் மட்டும் விற்பனைக்குத் திறந்து வைத்தார். விற்றவை 7,481. வரம்பைக் கலைஞர் வகுக்கவில்லை, வாங்க வந்த கூட்டம் வகுத்தது.

கையொப்பத்தின் கதை இன்னும் கசப்பானது. 1974-இல் அண்டோரா எல்லையில் பிரெஞ்சு அதிகாரிகள் மறித்த வண்டியில் ஓவியர் சால்வடார் டாலி கையெழுத்திட்ட 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. படம் வருமுன்னே பெயர் வந்துவிட்டது!

அசல் எது, போலி எது என்று சான்றளிக்க பாங்க்ஸி தரப்பு 2008-இல் ‘பெஸ்ட் கன்ட்ரோல்’ அலுவலகத்தைத் தொடங்கியது. அது தரும் சான்றிதழில் இளவரசி டயானா முகம் அச்சிட்ட போலிப் பத்து பவுண்டு நோட்டின் கிழிந்த பாதியைப் பின் அடித்திருப்பார்கள். மறுபாதி அலுவலகத்தில் இருக்கும். படி அசலா என்பதற்கு இது நல்ல விடை. அதன் மேலுள்ள கைவேலை விலைக்குத் தகுமா என்பதை நம் கண்தான் சொல்ல வேண்டும்.

எண்ணுக்கு வெளியே எத்தனை படிகள் உள்ளன, மேல்வேலை யாருடையது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள்.