பொலிஸ்காரரும் புலியும்: இரு சித்திரக்கதைகளில் அதிகாரத்தின் உருவம்

சித்திரக்கதை சிறுவர்க்கு மட்டுமே உரியதொரு பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரக்கதைகளுள் இரண்டினை ஒருங்குவைத்து நோக்குமிடத்து அவ்வெண்ணம் வலுவிழக்கின்றது. ஜோர்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944இல் தாம் மறையும்வரை வரைந்த 'கிறேசி கற்', பில் வொட்டர்சன் 1985 முதல் 1995 வரை வரைந்த 'கல்வின் அன்ட் ஹொப்ஸ்' ஆகியனவே அவை. முன்னதில் ஒரு பொலிஸ்காரரும் பின்னதில் ஒரு புலியும் முதன்மைப் பாத்திரங்களாக அமைகின்றனர். 'கிறேசி கற்' தொகுப்பொன்றிற்கு 1990இல் வொட்டர்சனே முன்னுரைக் கட்டுரை எழுதினார். ஆதலின் இவ்வொப்பீடு வலிந்து செய்யப்படுவதன்று.

ஹெரிமனின் கதைக்கரு மிக எளியது. எலி பூனையின் தலைமீது செங்கல்லை எறிகின்றது. பூனை அதனை அன்பின் அடையாளமாகவே ஏற்கின்றது. பூனையை உள்ளூர நேசிக்கும் நாய்ப் பொலிஸ்காரராகிய பப், எலியைச் சிறையிலடைக்கின்றார். சட்டத்தின் பார்வையில் எறிந்தவர் குற்றவாளி, எறிபட்டவர் பாதிக்கப்பட்டவர். பூனையோ தன்னை அவ்வாறு கருதவில்லை. மேலும், பொலிஸ்காரரின் கடமையுணர்ச்சியோடு அவரது சொந்த ஆசையும் பிரிக்கவியலாவாறு கலந்துள்ளது. சட்டம் நடுநிலையானது என்னும் கூற்றினை ஆசிரியர் வாதம் எதுவுமின்றியே ஐயத்துக்குள்ளாக்குகின்றார்.

1880இல் பிறந்த ஹெரிமன் வெள்ளையராகவே சமூகத்தில் வாழ்ந்தவர். அவரைக் 'கறுப்பினத்தவர்' எனக் குறித்த பிறப்புப் பதிவு 1971இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆசிரியரின் வாழ்க்கையைக் கொண்டே படைப்பு முழுவதையும் விளக்க முற்படுதல் திறனாய்வாகாது. எனினும், ஆணா பெண்ணா என்பதுதானும் அறுதியிடப்படாத அப்பூனையை நோக்கும்போது, மனிதரை வகைப்படுத்தும் அதிகாரத்தின்பால் அவர் கொண்ட அவநம்பிக்கை புலனாகின்றது.

வொட்டர்சனின் புலி வேறொரு திசையிலிருந்து இவ்வினாவை அணுகுகின்றது. அதன் பெயர் தோமஸ் ஹொப்ஸ் என்னும் மெய்யியலாளரைக் குறிப்பது. மனிதர் இயற்கை நிலையில் ஒருவரோடொருவர் பொருதுவர், ஆதலின் அனைவரையும் அடக்கும் பேரதிகாரம் வேண்டும் என்று 1651இல் வெளியிட்ட 'லெவியதன்' நூலில் வாதிட்டவர் அவர். அவர் பெயரைத் தாங்கிய புலியோ யாரையும் ஆள முற்படுவதில்லை. ஆறு வயதுச் சிறுவனின் மீது பாய்ந்து வீழ்த்தினும் அது அவனுடைய தோழனே. சிறுவனுக்கு உயிருள்ள விலங்காகவும் ஏனையோர்க்குத் துணிப்பொம்மையாகவும் தோன்றும் அப்புலியின் மெய்ந்நிலை யாது என்று தீர்ப்பளிக்க ஆசிரியர் மறுத்தார். அதனைப் பொம்மையாக்கி விற்பதற்கும் அவர் இசையவில்லை. கடைப்பொருளாயின் அதுவே தீர்ப்பாகிவிடும்.

குறைகளும் உள. ஹெரிமனின் சிறை எவரையும் வருத்துவதில்லை. எலி மீண்டும் மீண்டும் வெளிவந்துவிடுகின்றது. உண்மைச் சிறைகள் அத்தகையன அல்ல. வொட்டர்சனின் உலகமோ பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்தின் வேலிக்குள் அடங்கிவிடுகின்றது. ஆயினும், பொலிஸ்காரருக்கு இறுதிச் சொல்லை வழங்க மறுத்த ஒருவரும், புலியைப் பற்றித் தாமே இறுதிச் சொல் கூற மறுத்த ஒருவரும் நாள்தோறும் சில கட்டங்களுள் சாதித்தது சிறிதன்று. சிரித்துக் கடந்துவிடும் இப்பக்கங்களையும் திறனாய்வின் எல்லைக்குள் கொணர்தல் நம் கடனாகும்.