படத்தில் வராத பக்கம்

"முதல்ல படத்தைப் பார்த்துச் செய்யட்டும் சேர், விளக்கம் பிறகு தானா வரும்" என்றார், கல்முனையில் உயர்தர மாணவர்களுக்கு ஐ.சி.ரி. வகுப்பெடுக்கும் நண்பர். அவருடைய மேசையில் சுருள்கம்பி கட்டிய போட்டோக் கொப்பி ஒன்று கிடந்தது. ஜோன் டக்கெட்டின் பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் நூல், 2022இல் வெளிவந்தது. மூலநூலில் வண்ண வண்ணமாக இருக்கும் கட்டங்களெல்லாம் கொப்பியில் ஒரே சாம்பல். நிறத்தாலேயே பொருள் சொல்லும் புத்தகம் நிறமிழந்து கிடப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் என் வழக்கு கொப்பிக் கடையோடு அல்ல, நண்பர் சொன்ன அந்த வாக்கியத்தோடு.

அதில் நியாயம் இல்லாமலில்லை. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ தமிழ்மொழி மூலம் படித்து, ஆங்கிலப் பந்தி ஒன்றைக் கண்டதும் மிரளும் பிள்ளைக்குப் படம் ஒரு கைப்பிடி. செய்து முடித்த உதாரணத்தை முதலில் காட்டினால் புதியவரின் மனச்சுமை குறையும் என்று அவுஸ்திரேலிய உளவியலாளர் ஜோன் ஸ்வெல்லர் 1980களிலேயே பரிசோதித்துக் காட்டினார். டக்கெட்டின் நூலும் பொறுப்பாக எழுதப்பட்டதுதான். தரவுத்தளத்தோடு பேசும் பாதுகாப்பான முறையையே அது கற்பிக்கிறது. வெறும் எச்.டி.எம்.எல். கற்பதற்குப் படப்புத்தகத்தை விடச் சுலபமான வழி எனக்கும் தெரியாது. அங்கே எழுதியதுதான் திரையில் தெரியும். இடப்பக்கம் நிரல், வலப்பக்கம் படம், கணக்கு நேராகிவிடும்.

சிக்கல், அடுத்த படிக்கும் அதே முறையைக் கொண்டுபோவதில்தான் தொடங்குகிறது. பி.எச்.பி. பக்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. உலாவி கேட்கிறது, சேவையகம் நிரலை ஓட்டுகிறது, தரவுத்தளம் விடை தருகிறது, அதிலிருந்து அந்தக் கணத்துக்கென்று ஒரு பக்கம் பிறக்கிறது. அடுத்தவர் கேட்டால் வேறு பக்கம். நடப்பதில் முக்கால்வாசி திரைக்கு வெளியே. திரையைப் பிடித்த படத்தில் விழுவது கடைசிக் கால்வாசி மட்டுமே. கரைவலை இழுத்து முடிந்தபின் மணலில் கொட்டிய மீனைப் படம் பிடித்து, 'வலை போடுவது இப்படித்தான்' என்று சொல்வதைப் போன்றது இது.

அந்தக் கால்வாசியையும் படப்புத்தகங்கள் ஒழுங்காகக் காட்டுவதில்லை. மாணவன் முதலில் விழும் குழியைப் பாருங்கள். எச்.டி.எம்.எல். கோப்பை இரண்டு தரம் தட்டினால் திறந்துவிடும். பி.எச்.பி. கோப்பையும் அப்படியே தட்டுகிறான். நிரல் நிரலாகவே வந்து நிற்கிறது. ஸாம்ப் மென்பொருளை நிறுவி, கோப்பை அதற்குரிய கோப்புறையில் வைத்து, முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டெழுத வேண்டும். 'இது சேவையகத்தின் வழியாக வந்த பக்கம்' என்பதற்குத் திரையில் உள்ள ஒரே தடயம் அந்த முகவரிதான். அழகுக்காகவோ இடத்துக்காகவோ, நான் பார்த்த பல நூல்களில் படத்திலிருந்து வெட்டி எறியப்பட்டிருப்பதும் அந்தப் பட்டைதான்.

என் நெடுநாளைய குறை இதையும் விடப் பெரியது. படப்புத்தகத்தில் எல்லாப் படமும் வெற்றிப் படம். பிழை வந்த திரை ஒன்றுகூட இல்லை, இருந்தாலும் மூலையில் முத்திரையளவில். ஆனால் நிரல் எழுதுகிறவனின் நாள் பெரும்பாலும் பிழைத் திரையோடுதான் கழிகிறது. 12ஆம் வரியில் பிழை என்கிறது பி.எச்.பி. அவன் 12ஆம் வரியைப் பத்துத் தடவை பார்க்கிறான். எல்லாம் சரியாக இருக்கிறது. விடுபட்ட அரைப்புள்ளி 11இல். பொறி அடுத்த சொல்லை எட்டிய பிறகுதான் தடுமாறுகிறது என்பதை ஒரே படத்தில் சொல்லிவிடலாம். சொல்வதில்லை. பிறகு அதே கோப்பைக் காசு கட்டிய வழங்கியில் ஏற்றுகிறான். அங்கே பிழைச் செய்தி காட்டுவதை நிறுத்தி வைத்திருப்பார்கள். "சேர், புத்தகத்துல உள்ள மாதிரித்தான் அடிச்சன், வெள்ளையா நிக்குது." இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. வெள்ளைத் திரைக்குப் புத்தகத்தில் படமில்லை.

ஆங்கிலப் படங்களைப் பார்த்துத் தமிழில் செய்யப் போகிறவருக்கு இன்னொரு குழி காத்திருக்கிறது. பெயர் 20 எழுத்துக்கு மேற்படக் கூடாது என்று சோதிக்க 'ஸ்டர்லென்' என்ற கட்டளையைப் போடச் சொல்லும் பாடங்கள் ஏராளம். ஆங்கிலப் பெயருக்கு வேலை செய்யும். படமும் அதையே காட்டும். அதே பெட்டியில் 'கல்முனை' என்று ஒருங்குறியில் அடித்துப் பாருங்கள். நாம் எண்ணினால் 4 எழுத்து. குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டால் 7. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம், அந்தக் கட்டளை சொல்லும் விடை 21. நம் ஊரின் பெயரே நீளம் கூடிவிட்டதென்று படிவம் அதைத் திருப்பி அனுப்பிவிடும். கட்டளை எண்ணுவது எழுத்தையல்ல, பைட்டை என்று தெரிந்தவன் சிரித்துக்கொண்டே வேறு கட்டளையைப் போடுவான். படத்தை மட்டும் அறிந்தவன் தமிழைக் கைவிட்டு ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்வான். அப்படித்தான் பலர் சொல்லியும் விட்டார்கள்.

படப்புத்தக வகையில் மிகச் சிறந்ததென்று பெயரெடுத்த நூலையே எடுத்துக்கொள்வோம். ஓரைலி நிறுவனம் 2008 இறுதியில் வெளியிட்ட 'ஹெட் ஃபர்ஸ்ட் பி.எச்.பி. அண்ட் மைஎஸ்கியூஎல்'. ஏறத்தாழ 800 பக்கம். கேலிப் படங்கள், கையெழுத்துக் குறிப்புகள். படிவத்தில் அடித்ததை அப்படியே வினவல் வாக்கியத்துக்குள் ஒட்டினால், ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை வைத்தே வெளியாள் தரவுத்தளத்துக்குக் கட்டளையிட முடியும் என்பதை அது மறைக்கவில்லை. கிட்டார் புள்ளிப்பட்டியல் ஒன்றை வைத்து ஆறாம் அத்தியாயத்தில் கதையாகவே சொல்கிறது. நல்லது. ஆனால் அதற்கு முந்திய அத்தியாயங்களில் பெயரை மேற்கோளுக்குள் ஒட்டி ஒட்டியே கை பழகிவிட்டதே! நம் மாணவர்களில் எத்தனை பேர் ஆறாம் அத்தியாயம் வரை போகிறார்கள்? படிவம் வேலை செய்ததும் புத்தகம் மூடப்படும். படத்தைப் போல வந்துவிட்டதென்றால் முடிந்துவிட்டது என்றுதானே அதுவரை கற்பித்திருக்கிறோம்.

கணினி வழிகாட்டி நூல்களை வைத்து ஐ.பி.எம். ஆய்வகத்தில் பல ஆண்டு வேலை செய்த ஜோன் கரோல், 1990இல் வந்த 'தி நூர்ன்பெர்க் ஃபனல்' நூலில் இதற்கு மாறான வழியைக் காட்டினார். கற்கிறவர் வழிகாட்டியை வரிசையாகப் பின்பற்றுவதில்லை, குதித்துக் குதித்துத்தான் போகிறார். ஆகவே பிழையை இனங்காணவும் அதிலிருந்து மீளவும் சொல்லிக் கொடுப்பது வழிகாட்டியின் முதல் வேலைகளில் ஒன்று. அமெரிக்காவிலிருந்து கேட்டுத்தான் தெரிய வேண்டுமென்றில்லை. எங்கள் ஊர்களில் ஓதப் போகும் பிள்ளை மௌலவிக்கு முன்னால் உட்கார்ந்து ஓதுகிறது. சரியாகப் போகும்வரை அவர் தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு நெடில் குறுகியதோ, நிறுத்தினார். பாடம் அந்த நிறுத்தத்தில் இருக்கிறது. நிறுத்தாத உஸ்தாதிடம் யாராவது பிள்ளையை அனுப்புவார்களா?

நண்பரிடம் இதைச் சொன்னேன். "பிழையெல்லாம் படமாப் போட்டா புத்தகம் தலையணை மாதிரி தடிக்கும் சேர். பிள்ளைகளும் பயந்துருவாங்க" என்றார். இப்போது புத்தகமும் பழசு, யூடியூப் வந்துவிட்டது என்றும் சொன்னார். வந்தது, உண்மை. அங்கேயும் கற்பிக்கிறவர் தடுமாறிய இடத்தை வெட்டிவிட்டுத்தானே ஏற்றுகிறார்கள். ஓடுகிற படமாக இருந்தாலும் அதுவும் வெற்றிப் படம்தான். பயம் என்கிறாரே, பரீட்சையில் இந்தப் பிள்ளைகள் நிரலைத் தாளில் பேனாவால் எழுத வேண்டும். அங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் திரையே இருக்காது. அதை எண்ணி அவர் ஏன் பயப்படுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

அவருடைய மாணவன் ஒருவன், கெட்டிக்காரன், எங்கள் பகுதி விளையாட்டுக் கழகமொன்றுக்கு அங்கத்தவர் பதிவுப் பக்கம் செய்து கொடுத்தான். இணையத்தில் கிடைத்த பழைய படப் பாடம் ஒன்றைப் பார்த்து அடித்தது. நன்றாகவே ஓடியது. மூன்றாம் நாள் மஸ்ஊத் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அரபு ஐன் எழுத்துக்காக நடுவில் ஒற்றைக் கொமா போடுகிறவர். அடித்து அனுப்பினால் வெள்ளைத் திரை. மறுபடியும் வெள்ளை. அந்தக் கொமா வினவலின் மேற்கோளை நடுவிலேயே மூடிவிட்டது, மிச்சப் பெயரைத் தரவுத்தளம் கட்டளையாக வாசிக்கப் பார்க்கிறது, இதே வழியால் நாளை யாரும் உள்ளே புகலாம் என்பதெல்லாம் பையனுக்குத் தெரியாது. தொலைபேசியில் அந்தப் பாடத்தை எடுத்துப் படங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அந்தக் கொமாவ எடுத்துட்டு அடிங்க காக்கா, போகும்."

எடுத்துவிட்டு அடித்தார். போயிற்று. பட்டியலில் அவர் பெயர் இன்றும் ஐன் இல்லாமல்தான் கிடக்கிறது. பையன் எழுதிய வரியும் அப்படியே இருக்கிறது.