கசாயத்தை யார் சோதிப்பது?

மூலிகை பற்றிப் பேச ஆரம்பித்தாலே நம்மிடையே இரண்டு குரல்கள் எழுந்துவிடுகின்றன. 'எல்லாம் நம்ம முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க' என்பது ஒன்று. 'நிரூபிக்காத எல்லாமே மூடநம்பிக்கை' என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவையிரண்டும் ஒரே கேள்வியைத்தான் மறைக்கின்றன: சோதனை என்கிறோமே, அதை யார், எங்கிருந்து தொடங்கி, எதை அளந்து செய்கிறார்கள்?

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் கதையை எடுத்துக்கொள்வோம். வியட்நாம் போர்ச்சூழலில் 1967இல் சீனா தொடங்கிய 523 திட்டத்தில் தூ யூயூ பழம் பிரதிகளைப் புரட்டினார். கே ஹோங்கின் நான்காம் நூற்றாண்டு நூல் செடியை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்கிறது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. அந்தக் குறிப்பிலிருந்து, 1971இல் குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு சாறெடுக்கும் வழி பிறந்தது. 2015இல் நோபல் பரிசு. இம்மருந்து காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் இக்கதையாடலின் அமைப்பைப் பாருங்கள். மரபு கச்சாப்பொருள், ஆய்வுக்கூடமே அறிவு. மூலக்கூறு கிடைத்ததும் செடியைப் பயன்படுத்திய மனிதர்கள் முன்னுரைக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கிய முயற்சியொன்று மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில் நடந்தது. ஆய்வாளர்கள் முதலில் போனது வீடுகளுக்கு. காய்ச்சலுக்கு என்ன கொடுத்தீங்க, அப்புறம் என்னாச்சு என்று கேட்டார்கள். மலேரியா என்று சொல்லப்பட்ட 952 பேரின் அனுபவங்களில் 66 செடிகள் வந்தன. அவற்றிலிருந்து தேர்வானது ஆர்ஜிமோன் மெக்சிகானா. நம்மூர்த் தரிசுகளில் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கிற பிரம்மதண்டுதான். பிறகே கசாயத்தின் அளவைக் கண்டறிந்தார்கள், மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 2010இல் வெளியான அந்த ஒப்பீட்டில் 301 நோயாளிகள். 28 நாட்களில் வேறு மருந்து தேவைப்படாதவர்கள் கசாயத்தில் 89 சதம், ஆர்ட்டிசுனேட்-அமோடியாகுயினில் 95 சதம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நோய் கடுமையானது இரு தரப்பிலும் 1.9 சதம்.

'குணம்' என்ற சொல்லே இங்கு பிளவுபடுகிறது. அளவு கண்டறியும் ஆய்வில், தேறியவர்களில் பெரும்பாலோர் ரத்தத்தில் ஒட்டுண்ணி முழுதாக நீங்கவில்லை. நுண்ணோக்கிக்கு இது தோல்வி. காய்ச்சல் விட்டு எழுந்து விளையாடும் பிள்ளையைப் பார்க்கிற தாய்க்கு இது குணம். தாயின் வாசிப்பே சரி என்று நான் புனிதப்படுத்த வரவில்லை. மிஞ்சிய ஒட்டுண்ணி கொசு வழியே அடுத்த வீட்டுக்குப் போகும். ஆனால் அவள் வாசிப்பும் அளவுகோலில் ஏறியது முக்கியம்.

இதை வைத்து நம் மரபுவாதிகள் கொடி பிடிக்க வேண்டாம். செடியின் பெயரிலேயே மெக்சிகோ இருக்கிறது. கடல் கடந்து வந்த செடியை மாலியின் வைத்தியர்கள் கொடுத்துப் பார்த்துத்தான் தமதாக்கினார்கள். மரபு என்பதே நெடுங்காலச் சோதனைதான், தூய்மை அல்ல. இதே செடியின் விதை எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்து 1998இல் தில்லியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 'இயற்கைதானே, என்ன பண்ணிடும்?' என்பவர்களுக்கு அது போதும்.

என் பிரச்சினை ஆய்வின் முடிவுரையில் இருக்கிறது. அது இரண்டு யோசனைகளை வைக்கிறது. மாத்திரை வந்துசேரத் தாமதமாகும் இடத்தில் கசாயம் முதலுதவியாகலாம் என்பது ஒன்று. இதை ஏற்கிறேன். நோய் மிகுந்த பகுதிகளில் கசாயத்தையும் முதல்நிலை சிகிச்சையில் சேர்த்தால், மாத்திரைக்கு எதிர்ப்புத்திறன் உருவாகும் அழுத்தம் குறையும் என்பது மற்றொன்று. அதாவது மருந்தின் ஆயுளை நீட்டிக்க, 89க்கும 95க்கும் இடையிலான அந்த ஆறு சதத்தை யாரோ சுமக்க வேண்டும். யார் அது? பணக்கார நாட்டுப் பயணியா? மாலி கிராமத்துக் குழந்தையா? கடைசியில் ஏழைக்குச் செடி, இருப்பவனுக்கு மாத்திரை என்று முடிந்தால், வீடுகளிலிருந்து தொடங்கிய சோதனை அதே அதிகாரத்திடம்தான் போய்ச் சேரும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. கேள்வியை உருவாக்கும்போது இருந்த கிராமத்தார், முடிவைக் கொள்கையாக்கும்போதும் இருக்க வேண்டும். கசாயம் இருக்கிறதே என்று சொல்லி எந்த அரசும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.