பிளீற் வீதிக் கண்ணாடிமனை: உருவமும் உள்ளடக்கமும்

நவீன கட்டடக்கலையை உருவப் புதுமையாக மட்டுமே காண்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கட்டடத்துக்கும் உள்ளடக்கம் உண்டு. அது எவருக்காக, எத்தொழிலுக்காக எழுந்தது என்னும் வினாவைத் தவிர்த்து அதன் உருவத்தை மதிப்பிடல் இயலாது. இலண்டன் பிளீற் வீதியில் 1932இல் நிறைவுற்ற ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ பத்திரிகைக் கட்டடம் இதற்குத் தக்க சான்றாகும்.

எல்லிஸ், கிளார்க் ஆகியோரின் வரைபடத்தைப் பொறியியலாளர் ஓவன் வில்லியம்ஸ் மாற்றியமைத்தார். அச்சியந்திரங்கள் நிற்கும் நிலவறையில் தூண்கள் குறுக்கிடலாகாது என்பதே அவர்முன் இருந்த பிரச்சினை. வலுவூட்டிய கொங்கிறீற்றுச் சட்டகம் அதனைத் தீர்த்தது. பாரத்தைச் சட்டகமே தாங்கியமையால் வெளிச்சுவர் சுமையினின்றும் விடுபட்டது. தெளிந்த கண்ணாடியும் ‘விற்றோலைற்’ என்னும் கருங்கண்ணாடியும் பட்டிகளாய் மாறிமாறி அமைந்த மெல்லிய போர்வையாயிற்று. இங்கு அழகு தொழிலின் தேவையிலிருந்து பிறந்தது. இதுவே அக்கட்டடத்தின் முற்போக்கான கூறு.

முன்மண்டபமோ வேறு கதை சொல்கிறது. அதனை வடிவமைத்தவர் றொபேட் அற்கின்சன். எரிக் ஓமோனியர் வடித்த, பொன்னும் வெள்ளியும் பூசிய சுதைச் சிற்பங்கள் அங்கே பிரித்தானியாவையும் அதன் பேரரசையும் போற்றுகின்றன. இம்முரண்பாட்டை இரு கலைஞரின் சுவை வேறுபாடு என்று ஒதுக்குதல் போதிய விளக்கமாகாது. பேரரசு நாடுகளுக்குள் தடையற்ற வாணிகம் வேண்டுமென அவ்வாண்டுகளில் தம் ஏட்டின் வாயிலாக இயக்கம் நடத்தியவர் அதன் அதிபர் பீவர்புரூக் பிரபு. அச்சிற்பங்கள் அவ்வேட்டின் தலையங்கத்தினது சுதை வடிவமே எனலாம். கொழும்பில் 1930இல் ‘வீரகேசரி’யும் 1932இல் ‘தினகர’னும் தோன்றியமை ஈண்டு நினைக்கத்தக்கது. அங்கே காட்சிப்பொருளாக்கப்பட்ட பேரரசின் மக்கள், இங்கே தம் மொழியில் நாளேடு வாசிக்கத் தலைப்பட்டிருந்தனர்.

வில்லியம்ஸ் மான்செஸ்ரரில் 1939இல் எழுப்பிய கிளைக் கட்டடத்தில் அச்சுக்கூடமே வீதிக்குத் தெரிந்தது. உழைப்பை மறைக்காத அக்கண்ணாடி பாராட்டுக்குரியது. ஆயினும், இயந்திரத்தைக் காட்டிய அது, அச்சாகும் கருத்தைத் தீர்மானித்த உடைமையைக் காட்டவில்லை.

1989இல் பத்திரிகை பிளீற் வீதியை விட்டு நீங்கியது. மான்செஸ்ரரிலும் அச்சு நின்றது. பின்னர் அங்கே குடியிருப்புகளும் அலுவலகங்களும் அமைந்தபோது ஒளிதெறிக்கும் கண்ணாடி பொருத்தப்பட்டது. இரு கட்டடங்களும் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. சுவர் காக்கப்பட்டது, அதற்குப் பொருள் தந்த காட்சி காக்கப்படவில்லை.

பழைய பத்திரிகைமனைகளைப் பேண முற்படுவோர், கொழும்பிலாயினும் பிறவிடத்தாயினும், முகப்பைப் பேணுவதோடு அமைதலாகாது. அச்சுக்கோத்தோர், இயந்திரம் இயக்கியோர் ஆகியோரின் தொழில் வரலாறும் ஆவணமாதல் வேண்டும். அஃதின்றேல் எஞ்சுவது வெறும் கண்ணாடியே.