டயானாவுக்கு ஜோடி எதற்கு?

சூப்பர்மேன் படம் எடுக்கப் போகிறோம் என்று யாராவது அறிவித்தால், லூயிஸ் லேனாக நடிப்பது யார் என்றுதான் ரசிகர்கள் கேட்பார்கள். லூயிஸ் லேன் படத்தில் எதற்கு என்று கேட்டு நான் பார்த்ததில்லை. 1938-ல் சூப்பர்மேன் பிறந்த அதே இதழில் அவளும் பிறந்துவிட்டாள். ரேஷன் கார்டில் பெயர் ஏறிவிட்ட மாதிரி. அதற்கப்புறம் நீக்குவாரில்லை.

வொண்டர் வுமன் சமாசாரம் வேறு. படம் என்று பேச்சு எடுத்தாலே முதல் பஞ்சாயத்து, ஸ்டீவ் ட்ரெவர் வேண்டுமா வேண்டாமா என்பதுதான். இத்தனைக்கும் அவனும் 1941 கடைசியில், டயானா பிறந்த அதே கதையில் பிறந்தவன். அவனுக்கு மட்டும் ரேஷன் கார்டு நிரந்தரமாகவே இல்லை.

கதை தெரியாதவர்களுக்கு: பெண்கள் மட்டுமே வாழும் தீவு. அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவனின் விமானம் அங்கே விழுகிறது. தீவின் இளவரசி டயானா ஆளைத் தூக்கி வந்து வைத்தியம் பார்க்கிறாள். பார்த்துப் பார்த்து மனசைக் கொடுத்துவிடுகிறாள். அவனைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவது யார் என்று போட்டி வைக்கிறார்கள். ராணியம்மா மகளுக்குத் தடை போட, மகள் முகமூடி போட்டுக்கொண்டு கலந்து ஜெயித்து, அவனை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறாள். கவனியுங்கள், தூக்கிச் சுமப்பது முழுக்க அவள்தான். மயக்கத்தில் படுத்திருப்பது மட்டும் அவன் வேலை.

இதை எழுதிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஒரு மனோதத்துவ நிபுணர். பொய் சொன்னால் ரத்த அழுத்தம் ஏறும் என்று ஆராய்ச்சி செய்து, பொய் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்கு வழிபோட்டவர்களில் ஒருவர். டயானா கையில் அவர் கொடுத்த மந்திரக் கயிறு, பிற்பாடு உண்மையைக் கக்க வைக்கும் கயிறாகப் பிரசித்தமானது. லூயிஸ் லேனை அப்படியே பேன்ட் போட்டு நிறுத்தினால் அதுதான் ஸ்டீவ். வொண்டர் வுமனைப் பார்த்து உருகுவான். பக்கத்திலேயே கண்ணாடி போட்டு நர்ஸ் உடுப்பில் நிற்கும் டயானா பிரின்ஸை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். கிளார்க் கென்ட்டுக்கு நடந்த அதே அவமானம். மார்ஸ்டன் வேண்டுமென்றே செய்த குறும்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1947-ல் மார்ஸ்டன் இறந்தார். அதன்பின் ஸ்டீவை என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. ஐம்பதுகளில், எப்போது கல்யாணம், எப்போது கல்யாணம் என்று நச்சரிக்கும் ஆசாமியானான். 1968-ல் வந்ததுதான் பெரிய திருப்பம். ஸ்டீவுக்கு ஆபத்து, அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக டயானா தன் சக்திகளை எல்லாம் துறந்தாள். ஒரு பூட்டிக் கடை வைத்தாள், சண்டைக் கலை கற்றாள். இவ்வளவும் யாருக்காகச் செய்தாளோ, அவனை மறு வருஷமே சுட்டுத் தள்ளிவிட்டார்கள்!

அப்புறம் நடந்தது சுத்தக் கூத்து. 1973-ல் டயானாவுக்குச் சக்தி திரும்பியது. அதற்கு முந்தைய வருஷம்தான் குளோரியா ஸ்டைனம் தன் 'மிஸ்' பத்திரிகையின் அட்டையில் அவளைப் போட்டு, இந்தப் பெண்ணை இப்படியா செய்வது என்று உலுக்கியிருந்தார். 1976-ல் ஸ்டீவ் உயிரோடு வந்தான். 1978-ல் திரும்பவும் செத்தான். 1980-ல் வேறொரு பிரபஞ்சத்திலிருந்து இன்னொரு ஸ்டீவ் வந்து விழுந்தான். 1987-ல் ஜார்ஜ் பெரெஸ் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தபோது, ஸ்டீவை வயதானவனாக்கி, டயானாவுக்கு வெறும் நண்பனாக்கி, பிற்பாடு அவள் தோழி எட்டா கேண்டிக்குக் கட்டியும் வைத்துவிட்டார்கள். டெலிவிஷன் மட்டும் சளைத்ததா என்ன? லிண்டா கார்ட்டர் நடித்த தொடர் இரண்டாம் உலகப் போரிலிருந்து எழுபதுகளுக்குத் தாவியபோது, லைல் வாகனர் அதே முகத்தோடு ஸ்டீவின் மகனாக வந்தார். டயானாவுக்கு வயசே ஆகவில்லை. பழைய காதலன் முகத்தில் ஒரு பையன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்தத் தொடர் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

ரசிகர்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்ததில் என்ன ஆச்சரியம்! ஸ்டீவ் இல்லாவிட்டால் அவள் தீவை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டாள் என்பது ஒரு கட்சி. அவ்வளவு பெரிய வீராங்கனை ஓர் ஆம்பளை முகத்தைப் பார்த்துத்தான் உலகத்துக்கு வந்தாள் என்பதே கேவலம், அவனைத் தூக்குங்கள் என்பது இன்னொரு கட்சி. அவள் உயரத்துக்குச் சமமான ஆள் சூப்பர்மேன்தான் என்று மூன்றாவது கோஷ்டி. 2012-ல் காமிக்ஸிலேயே இருவரையும் ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். பெண்கள் மட்டுமே இருக்கும் தீவில் வளர்ந்தவளுக்கு முதல் காதல் ஓர் ஆணோடுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று நான்காவது கோஷ்டி கேட்டது. நியாயமான கேள்விதான். 2016-ல் அப்போதைய எழுத்தாளர் கிரெக் ருக்காவே ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். அதே கையோடு அவர் ஸ்டீவையும் காதலனாகத் திருப்பிக் கொண்டுவந்தார் என்பது தனி சுவாரஸ்யம்.

ஜோடியே வேண்டாம் என்கிற கட்சியின் வாதம் நம்மூர் லயன் காமிக்ஸ் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். 1984-ல் லயனின் முதல் இதழே மாடஸ்டி பிளைஸிதான். அவளும் வில்லி கார்வினும் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள். காதல் மட்டும் கிடையாது. அந்த உறவைக் கட்டிக் காப்பாற்றியவர் பீட்டர் ஓ'டொனல். 1966-ல் ஜோசப் லோசி அதைப் படமாக எடுத்தபோது என்ன செய்தார் தெரியுமா? மாடஸ்டியையும் வில்லியையும் காதல் டூயட் பாட வைத்தார். கதாசிரியர் நொந்துபோனார். கதையில் இல்லாத காதலை சினிமாக்காரர்கள் ஒட்டுவார்கள் என்கிற பயம் சும்மா வந்ததில்லை.

அதே மாதிரி, சினிமா காதலை எப்படிக் கையாண்டது என்றும் பாருங்கள். 1984-ல் வந்த 'சூப்பர்கேர்ள்' படத்தில் கதாநாயகன் கதாநாயகியைக் காதலிப்பதற்குக் காரணம், வில்லி கொடுத்த வசிய மருந்து! 2004-ல் 'கேட்வுமன்', 2005-ல் 'எலெக்ட்ரா' இரண்டும் படுத்தன. உடனே, பெண் சூப்பர்ஹீரோ என்றால் கல்லா நிரம்பாது என்று ஹாலிவுட்டில் ஒரு கணக்கு எழுதிக்கொண்டார்கள். ஆண் சூப்பர்ஹீரோ படங்கள் எத்தனையோ கவிழ்ந்திருக்கின்றன. அந்த நஷ்டத்தை யாரும் ஆண்கள் பேரில் பற்று எழுதவில்லை. காமர்ஸ் படித்தவனுக்கு இந்தப் பேரேடு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அதே 2005-ல் வொண்டர் வுமனை எழுதி இயக்க ஜாஸ் வீடனைப் பிடித்தார்கள். 2007-ல் அவர் விலகிவிட்டார். பத்து வருஷம் கழித்து அவருடைய திரைக்கதை வெளியே கசிந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். கதை ஸ்டீவின் பார்வையில் போகிறது, அவளுக்கே அவன் பாடம் எடுக்கிறான் என்று புகார். ஸ்டீவ் வேண்டாம் என்ற கட்சி இத்தனை வருஷமாகப் பயந்தது இதைத்தான்.

கசிந்தது 2017 ஜூனில். சரியாக அதே மாதம்தான் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய 'வொண்டர் வுமன்' தியேட்டருக்கு வந்தது. கல் கடோட் டயானா, கிறிஸ் பைன் ஸ்டீவ். போரை இரண்டாம் உலகப் போரிலிருந்து முதலாவதுக்கு நகர்த்தியிருந்தார்கள். உலக வசூல் எண்பது கோடி டாலருக்கு மேல்.

எல்லோரும் சிலாகிப்பது, டயானா பதுங்குகுழியிலிருந்து ஏறி, குண்டுமழைக்கு நடுவே கேடயத்தோடு நடக்கும் காட்சியை. எனக்கு அதற்குச் சற்றுப் பின்னால் வருவதுதான் பிடிக்கும். ஊருக்குள் தேவாலயக் கோபுரத்தில் ஒருவன் ஒளிந்துகொண்டு சுடுகிறான். எட்ட முடியவில்லை. ஸ்டீவுக்கு சட்டென்று தீவின் கடற்கரைச் சண்டை ஞாபகம் வருகிறது. அங்கே ஒருத்தி தாங்கிய கேடயத்தின் மேல் கால் வைத்து இன்னொருத்தி எகிறிப் பாய்ந்ததைப் பார்த்திருக்கிறான். கூட இருப்பவர்களைக் கூப்பிட்டு, கிடக்கிற இரும்புத் தகட்டைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, 'கேடயம்!' என்று டயானாவுக்குக் குரல் கொடுக்கிறான். அவள் ஓடி வந்து, மிதித்து, பறந்து, கோபுரத்தோடு சாய்க்கிறாள். நாலு ஆம்பளைகள் முதுகை வளைத்துத் தகட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

படத்தின் காதல் காட்சி அதுதான் என்பேன். பிற்பாடு பனி பெய்கிறது, நடனம் ஆடுகிறார்கள், கதவு சாத்தப்படுகிறது. அதெல்லாம் வழக்கமான உபசாரம். இவளுடைய பெண்கள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று ஓர் ஆண் கவனித்துப் பார்த்து, மனசில் வைத்துக்கொண்டு, வேளை வரும்போது தோள் கொடுக்கிறானே, அந்த மாதிரி ஒருவனைத்தான் ஒரு பெண் காதலிப்பாள். அவன் கண்டபடி பயந்த ஆளும் இல்லை. நமக்கு இங்கே வேலை இல்லை என்று அவளைத் தடுத்தவன்தான். அவள் கேட்காமல் போன பிறகு, பின்னாலேயே ஓடுகிறான்.

ஸ்டீவின் சாவைப் பற்றியும் சண்டை நடந்தது. இதற்குக் கொஞ்சம் முன்கதை உண்டு. 1994-ல் 'கிரீன் லான்டர்ன்' காமிக்ஸில் ஹீரோவின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் திணித்து வைத்தார்கள். ஹீரோவுக்குக் கோபம் வருவதற்காக இப்படிச் சாகும் பெண்களை எல்லாம் 1999-ல் கெயில் சிமோன் பட்டியல் போட்டு மானத்தை வாங்கினார். பிற்பாடு அவரே வொண்டர் வுமன் எழுத வந்தார். 2017 படத்தில் டயானாவின் முழு ஆவேசமும் வெளிப்படுவது ஸ்டீவின் விமானம் வெடித்த பிறகு. ஆக, இந்தத் தடவை ஃபிரிட்ஜுக்குள் போனது ஆம்பளை என்று சிலர் கைதட்டினார்கள். ஒரு பெண் வீறுகொண்டு எழ ஒரு காதலன் செத்தாக வேண்டுமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஃபிரிட்ஜ் பெண்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஸ்டீவ் தானே முடிவு செய்து விமானத்தில் ஏறுகிறான். என் கணக்கில் இது பெரிய வித்தியாசம்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. 2020 டிசம்பரில் 'வொண்டர் வுமன் 1984' வந்து காரியத்தைக் கெடுத்தது.

ஸ்டீவ் இறந்தது 1918-ல். இந்தக் கதை நடப்பது 1984-ல். அறுபத்தாறு வருஷம் டயானா வேறு யாரையும் நினைக்கவில்லை. வரம் தரும் கல் கைக்கு வந்ததும் தன்னையறியாமல் கேட்பது அவனை. அவனும் வருகிறான், இன்னொருவன் உடம்பில்! பாவம், அந்த மனிதனுக்குப் படத்தில் பெயர்கூடக் கிடையாது. அழகான ஆள் என்று மட்டும் டைட்டிலில் போடுகிறார்கள். அவன் வீட்டில் தங்கி, அவன் சட்டையை மாட்டி, அவன் உடம்போடு டயானா படுக்கையையும் பகிர்ந்துகொள்கிறாள். அவனைக் கேட்டார்களா? ரசிகர்கள், முக்கியமாகப் பெண் ரசிகர்கள், இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆணும் பெண்ணும் இடம் மாறியிருந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. உண்மையைக் கக்க வைக்கும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டிருப்பவள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அந்த வரத்துக்குக் கல் எடுத்துக்கொள்ளும் விலை டயானாவின் சக்தி. ஸ்டீவ் வேண்டுமானால் பலத்தைக் கொடு, பலம் வேண்டுமானால் ஸ்டீவை விடு. 1968-ல் நடந்த அதே பண்டமாற்று! நடுவில் ஐம்பது வருஷம், எத்தனை போராட்டம், ஒரு பெண் இயக்குநர், எல்லாம் இருந்தும் திரும்ப அதே கடை வாசலில் வந்து நிற்கிறோம்.

சூப்பர்மேனும் 1980-ல் வந்த இரண்டாம் பாகத்தில் லூயிஸுக்காகச் சக்தியைத் துறக்கவில்லையா என்று கேட்கலாம். துறந்தார்தான். ஒரு ஓட்டலில் சாதாரண ஆளிடம் அடி வாங்கி, ஓடிப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசியில் ஒரு முத்தத்தில் லூயிஸின் நினைவை அழித்துவிட்டு நிம்மதியாகப் பறந்தார். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, காதல் வந்தால் ஆம்பளை பலவீனமாகிவிடுவான், இனி லூயிஸ் வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டவில்லை. அது சூப்பர்மேன் செய்த ஒரு தப்பு, அவ்வளவுதான். டயானாவுக்கு வரும்போது மட்டும் அது பெண்களைப் பற்றிய சித்தாந்தமாகிவிடுகிறது. ஸ்டீவைத் தூக்கு என்று கத்தும் ரசிகர்களும் இதே வலையில்தான் விழுகிறார்கள். காதலித்தால் குறைந்துபோவாள் என்று அவர்களும் நம்புகிறார்கள் பாருங்கள்!

1984-ஐ முழுக்கத் திட்டவும் மனசு வரவில்லை. ஸ்டீவை விட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடும் டயானா, ஓட்டத்திலேயே மேலெழும்பிப் பறக்கிறாள். பறப்பதென்றால் காற்றோடு பழகுவதுதான் என்று அந்த விமானி சொன்னதை வைத்துத் தானாகக் கற்றுக்கொள்கிறாள். முதல் படத்தில் அவளிடமிருந்து அவன் கற்றான். இதில் அவனிடமிருந்து அவள். இந்த இரண்டு நிமிஷத்தைப் படமாக எடுத்திருக்கலாம்.

ஜென்கின்ஸின் மூன்றாவது படம் 2022-ல் கைவிடப்பட்டது. புதிதாக ஒரு வொண்டர் வுமன் எழுதப்படுகிறது என்று டி.சி. ஸ்டுடியோவின் ஜேம்ஸ் கன் 2025-ல் சொன்னார். ஸ்டீவ் உண்டா என்ற பஞ்சாயத்து அதற்கும் இல்லாமலா போகும்? என் ஓட்டு, வரட்டும் என்பதுதான். அந்தத் தகட்டைத் தூக்க ஆள் வேண்டுமே.

கூடவே ஒரு வேண்டுகோள். மார்ஸ்டன் காலத்து எட்டா கேண்டி, கல்லூரிப் பெண்கள் பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வில்லன்களை மொத்தியவள். 2017 படத்தில் அவளை ஸ்டீவுக்குச் செக்ரட்டரியாக்கி உட்கார வைத்துவிட்டார்கள். லூசி டேவிஸ் இருந்த நாலு காட்சியிலும் சிரிக்க வைத்துவிட்டுப் போனார். அடுத்த தடவை அந்தப் பொம்பளைக்கும் ஒரு சண்டைக் காட்சி கொடுங்கப்பா.