பின்னால் மிதித்தால் நிற்கும் வெள்ளை வண்டி

ஊரில் சைக்கிள் ஓட்டிப் பழகிய எல்லோருக்கும் ஒரு கால் பழக்கம் உண்டு. சரிவில் வண்டி தானாக ஓடும்போது பெடலைச் சும்மா பின்னால் சுற்றுவோம். ஃப்ரீவீல் ‘கிர்ர்ர்’ என்று பேசும். நெதர்லாந்தின் டி ஹோஹ வேலுவ தேசியப் பூங்காவில், முகாமிலிருந்து கிளம்பி நூறு மீட்டர்கூடப் போகவில்லை, அதைச் செய்துவிட்டேன். பின்சக்கரம் அப்படியே இறுகிப் பிடித்தது. ஈரச் சருகில் வண்டி ஒரு முழம் வழுக்கி நிற்க, பின்னால் வந்த மகள் “அப்பா, என்னாச்சு?” என்று கத்தினாள். விழவில்லை. மானம் மட்டும் கொஞ்சம் போனது.

அதுதான் இந்தப் பூங்காவின் வெள்ளை சைக்கிள். நுழைவுச்சீட்டு எடுத்தவர் யாரும் வரிசையில் நிற்பதில் ஒன்றை உருவிக்கொண்டு கிளம்பலாம். வாடகை இல்லை, கையெழுத்து இல்லை. சுமார் 1,800 வண்டிகள். ஓட்டுவதற்கு 5,400 ஹெக்டேர் காடு, புதர்வெளி, மணல்மேடு. நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாத சைக்கிள் பாதை. ஹூன்டர்லோ வாசலையொட்டிய முகாமில் இரண்டு இரவு கூடாரம் போட்டிருந்தோம். செப்டம்பர் மாதம். பொழுது சாயும்போது ஆண் செம்மான்கள் இணை தேடிக் கர்ஜிக்கும் பருவம்.

வண்டியில் கியர் இல்லை, பூட்டு இல்லை, ஹாண்டில்பாரில் பிரேக் பிடியும் இல்லை. பிரேக் பின்சக்கரத்து ஹப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பெடலைப் பின்னால் அழுத்தினால் உள்ளே இருக்கும் கூம்பு நகர்ந்து, பிரேக் கட்டைகளை ஹப்பின் உட்சுவரோடு நெருக்குகிறது. பழைய நுட்பம்தான், ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் ‘டார்பிடோ’ ஹப்பைக் கொண்டுவந்தது 1903இல். கேபிள் இல்லாததால் அறுந்துபோக ஒன்றுமில்லை. மழையில் நனையும் ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்கத் தடுமாறுமே, அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் செயின் கழன்றால் பிரேக்கும் போச்சு. எடுக்கும்போதே செயின் தொய்வைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பழக எனக்கு அரைநாள் ஆனது. நிற்பதைவிடக் கிளம்புவதுதான் சிரமம். வழக்கமாக நின்றதும் பெடலைப் பின்னால் சுற்றி, மிதிக்கத் தோதான உயரத்துக்குக் கொண்டுவருவோம். இதில் அது நடக்காது. காலால் பெடலை முன்பக்கமாகச் சுற்றி, வண்டியையும் கூடவே முன்னே நகர்த்தி, பெடல் மேலே வந்ததும் ஏற வேண்டும். அதனால் நிற்கப்போகும்போதே வலது பெடல் மேலே இருக்கும்படி நிறுத்தக் கற்றுக்கொண்டேன். மகளுக்குப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அவளுக்கு மறப்பதற்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை.

இந்த ஹப்பின் பெரிய குணம் மறுநாள் விடியலில்தான் புரிந்தது. மிதிக்காமல் விட்டால் வண்டி சத்தமே போடுவதில்லை. ஃப்ரீவீலின் ‘டிக் டிக்’ இல்லை. பைன் மரங்களுக்கு நடுவே ஒரு வளைவில் காலை அசைக்காமல் போய்க்கொண்டிருந்தோம். பாதையோரம் மேய்ந்த பெண்மான் தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் நிறுத்தி, இறங்க முயன்று, ஸ்டாண்டைத் தட்டிய ஓசையில்தான் ஓடியது. விலை உயர்ந்த சைக்கிள்களின் பின்ஹப் சில்வண்டு மாதிரி கத்தும். காட்டுக்குள் அவற்றைக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை.

குறை இல்லாமல் இல்லை. மரங்கள் விலகி வெட்டவெளி வந்ததும் எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். ஒரே கியர், வண்டியும் கனம். முட்டி வலிக்காரர்கள் முழுச் சுற்றுக்கு ஆசைப்பட வேண்டாம். காற்று அள்ளிப்போட்ட மணல் பாதையில் கிடக்கும் இடங்களில் பிரேக்கைத் தொடாமல், ஹாண்டிலைத் திருப்பாமல் நேரே கடப்பதே புத்தி.

க்ரொல்லர்-முல்லர் அருங்காட்சியகம் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. வான்கோவின் ஓவியங்களுக்கு ஆம்ஸ்டர்டாமை விட்டால் உலகில் அடுத்த பெரிய சேகரம். பார்த்துவிட்டு வெளியே வந்தால் எங்கள் வண்டிகளைக் காணோம்.

“அப்பா, நம்ம வண்டி?”

“நம்ம வண்டின்னு எதுவும் இல்லம்மா. வேற எடு.”

சொல்வது எளிது. காலையில் சீட்டை ஏற்றி இறக்கி, என் கால் நீளத்துக்கு அளவாக வைத்திருந்தேன்! யாரோ அதில் சுகமாகப் போய்க்கொண்டிருப்பார்.

1965இல் ஆம்ஸ்டர்டாமில் ப்ரோவோ இயக்கத்து இளைஞர்கள் இதே யோசனையோடு வெள்ளையடித்த சைக்கிள்களைத் தெருவில் விட்டார்கள். பூட்டாமல் விடுவது சட்டவிரோதம் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. இங்கே அந்த யோசனை பிழைத்துக் கிடக்கிறது. வண்டியைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, சுற்றிலும் வேலி. அந்த வேலியே 1,800 வண்டிக்கும் பூட்டு.

கூடாரம் அடித்துத் தங்குபவர்களுக்கு என் யோசனை: சொந்த சைக்கிளைக் காரில் கட்டி இழுத்துவர வேண்டாம். கூட்டம் வருமுன் காலையிலேயே போய், சீட் ஏறி இறங்குகிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பையை முதுகில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் போதும். அதற்குமேல் இந்த வண்டி உங்களைச் சபிக்கும், நீங்கள் அதை.

வீடு திரும்பிய திங்கட்கிழமை, கைப்பிரேக் வைத்த என் சொந்த சைக்கிளில் அலுவலகம் கிளம்பினேன். சிக்னலில் சிவப்பு விழுந்தது. கால் தன்னால் பின்னே மிதித்தது. ‘கிர்ர்ர்’ என்று பெடல் சும்மா சுற்ற, வண்டி பாட்டுக்குக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.