அட்டையில் வராத துயரம்

அச்செழுத்தின் ஆற்றல் அது சொல்வதில் இருக்கிறது என்போம். அது சொல்லாமல் விடுவதிலும் இருக்கிறது என்று காட்டியவர், சிலி நாட்டில் பிறந்த கலைஞர் ஆல்ஃபிரெடோ ஜார்.

1994 ஏப்ரல் 6 அன்று ருவாண்டா அதிபர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 100 நாட்களில் 8 இலட்சம் அளவிலான மக்கள், பெரும்பாலும் துட்சி இனத்தார், கொல்லப்பட்டனர். அந்த வாரங்களில் வெளிவந்த அமெரிக்க ‘நியூஸ்வீக்’ ஏட்டின் 17 அட்டைகளை ஜார் வரிசைப்படுத்தினார். அவற்றில் ஒரு பாடகரின் தற்கொலை உண்டு. ஒரு விளையாட்டு வீரர் சிக்கிய கொலை வழக்கு உண்டு. ஆகஸ்ட் 1 இதழில்தான் ருவாண்டா அட்டைக்கு வந்தது. அதற்குள் படுகொலை ஓய்ந்திருந்தது!

ஒவ்வோர் அட்டையின் கீழும், அவ்வேளையில் ருவாண்டாவில் நிகழ்ந்தவற்றைச் சில வரிகளில் அச்சிட்டார் ஜார். அவ்வரிகளில் சினமில்லை, வசையில்லை. தேதியும் நிகழ்ச்சியும் மாண்டோர் தொகையுமே உள்ளன. இந்த அடக்கமே படைப்பின் வலிமை என்று கருதுகிறோம். கலைஞர் குரலை உயர்த்தியிருந்தால் நாம் அவரைப் பார்த்திருப்போம். இப்போதோ அந்த மௌனத்தைப் பார்க்கிறோம்.

அட்டையை மட்டும் கொண்டு ஓர் ஏட்டை எடைபோடலாமா, உட்பக்கங்களில் செய்தி வரவில்லையா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் எதை முன்னே வைப்பது, எதை உள்ளே தள்ளுவது என்பதும் ஒரு தீர்ப்பன்றோ? வீட்டிற்கு ஏடு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது அட்டையைத்தானே!

ஏடு நடத்துவோரையும் படிப்போரையும் அந்த வரிசை ஒருங்கே கேட்கிறது: இந்த வாரம் விடுபட்டது யாருடைய துயரம்?